பழிவாங்க மூன்று பிரதிகளில் விண்ணப்பிக்கவும்

தாராபுரம் பக்கம் ஏதாவது ஒரு தோட்டத்தில் சர்வேயர் கல் நட்டுவிட்டுப் போனால், மறுநாள் காலை டீக்கடை பெஞ்சில் ஒரு தீர்மானம் நிறைவேறும். "மனுக் குடுத்து என்னங்க ஆகப்போகுது? ரெண்டு ஆபீசர வெட்டிப் போட்டாத்தானுங்க இவனுகளுக்குப் புத்தி வரும்." முன்மொழிந்தவர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் நாலு பேர் வழிமொழிந்துவிடுவார்கள். பிறகு அவரவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு அவரவர் காட்டுக்குப் போய்விடுவார்கள்.

இதை வெறும் வாய்ச்சவடால் என்று தள்ளிவிடக் கூடாது. பாட்டன் வெட்டிய கிணற்றைப் பறிகொடுத்தவனின் வயிற்றெரிச்சலுக்கு ஒரு மரியாதை உண்டு. ஆகவே, அரசு அலுவலகத்தில் ஒரு கோப்பைப் பரிசீலிப்பது போலவே இந்தத் தீர்மானத்தையும் முறைப்படி பரிசீலிப்போம். கோப்பின் முதல் குறிப்பு: எந்த ஆபீசர்?

ஓர் அணைக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு நஷ்டஈட்டுக்குக் காத்திருக்கும் விவசாயி என்று வைத்துக்கொள்வோம். இந்தத் தாலுகாவில் அது பெரிய கற்பனை இல்லை. நல்லதங்காள் ஓடை அணைக்கு நிலம் கொடுத்தவர்கள் நஷ்டஈட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் அலைந்த சீமை இது. நம்முடைய ஆள் மஞ்சப்பையில் பட்டா, சிட்டா, அடங்கலோடு ஓர் அரிவாளையும் வைத்துக்கொண்டு கிளம்புகிறார். முதலில் மணியகாரர், அதாவது கிராம நிர்வாக அலுவலர். "நான் போன மாசந்தானுங்க மாறுதல்ல வந்தேன். தாசில்தாரப் பாருங்க." தாசில்தாரிடம் போனால், "இது நில எடுப்புத் தனித் தாசில்தார் சப்ஜெக்ட்டுங்க." அந்த அலுவலகம் எங்கே? திட்டம் முடிந்ததும் அலுவலகத்தைக் கலைத்தாகிவிட்டது. அந்த அறையில் இப்போது பழைய வாக்காளர் பட்டியல் கட்டுகள் இருக்கின்றன. கட்டுகளை வெட்டினால் கரையான்தான் சாகும்.

கோட்டாட்சியரைப் பார்க்கலாம். நிலம் எடுத்த காலத்தில் அவர் பள்ளிக்கூடமே சேர்ந்திருக்க மாட்டார். "உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்று அன்பாகத்தான் சொல்கிறார். பொதுப்பணித்துறைக்குப் போனால், அணை இப்போது நீர்வளத்துறையாம், 2021இல் பிரித்துவிட்டார்களாம். நீர்வளத்துறை நிதி கேட்டு எழுதியிருக்கிறது. நிதித்துறையோ மாவட்டத்தின் அறிக்கைக்குக் காத்திருக்கிறது. மாவட்டத்தில் கேட்டால் தாலுகா அறிக்கை வரவில்லை. தாலுகாவில் மறுபடியும் மணியகாரர்; இப்போது வேறு மணியகாரர். "நான் போன வாரந்தானுங்க வந்தேன்."

எந்த மாவட்டம் என்பதே தனிக் கதை. தாராபுரம் கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது. 1979இல் ஈரோட்டோடு போனது. 2009இல் திருப்பூரோடு சேர்ந்தது. வெங்காயக் காட்டை விட்டு ஓரடி நகராத மனிதனுடைய கோப்பு மூன்று ஜில்லாத் தலைநகரங்களைச் சுற்றிப் பார்த்திருக்கும். உத்தரவில் கையெழுத்துப் போட்டவரோ ஓய்வு பெற்று, மாதம் தவறாமல் பென்ஷன் வாங்கிக்கொண்டு, எங்கோ காலை நடை போகிறார். அவருக்கு நம் ஆளின் பெயர் ஞாபகமில்லை. நம் ஆளுக்கு அவர் பெயரே தெரியாது. கையெழுத்துதான் தெரியும், அதுவும் படிக்க முடியாத கையெழுத்து.

ஆக, பரிசீலனையின் முதல் முடிவு இது. வெட்டப்பட வேண்டியவர் யார் என்று அரசாங்கத்துக்கே தெரியாது. விவசாயிக்கு எப்படித் தெரியும்? பொறுப்பை முப்பது மேசைகளுக்குப் பங்கு போட்டு, எந்த மேசையிலும் ஒரு குண்டுமணி அளவுக்குக்கூடத் தங்காமல் பார்த்துக்கொள்ளும் கலைக்கு நிர்வாகம் என்று பெயர்.

அப்படியும் அரிவாள் ஓங்கப்பட்டால் அது யார் தலையில் இறங்கும்? கோட்டையிலோ செயலாளர் அறையிலோ இறங்காது. அங்கே போவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். அது கதவு திறந்து கிடக்கும் இடத்தில், கிராம நிர்வாக அலுவலரின் ஒற்றை அறையில் இறங்கும். 2023 ஏப்ரல் 25 அன்று தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் அதுதான் நடந்தது. லூர்து பிரான்சிஸ் என்ற கிராம நிர்வாக அலுவலரை அவருடைய அலுவலகத்துக்குள்ளேயே புகுந்து வெட்டிக் கொன்றார்கள். கொன்றவர்கள் நிலத்தைப் பறிகொடுத்தவர்களா? இல்லை. தாமிரபரணி மணலைத் திருடியவர்கள். அவர் செய்த குற்றம், மணல் திருட்டைப் பற்றிப் புகார் கொடுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

பெஞ்சுத் தீர்மானக்காரர்கள் இதை நன்றாகக் குறித்துக்கொள்ளட்டும். இந்த நாட்டில் அதிகாரியை வெட்டும் துணிச்சல் பெரும்பாலும் திருடனுக்குத்தான் வருகிறது. வெட்டுப்படுவதும் பெரும்பாலும் நேர்மையான அதிகாரிதான். லஞ்சம் வாங்கும் அதிகாரிக்கு என்ன பயம்? அவரை வெட்டுவதற்கு யாருக்கும் அவசியமே இல்லையே. கவர் கொடுத்தால் போதும். அரிவாள் நியாயம் என்று ஊர் ஒப்புக்கொண்டுவிட்டால், முதலில் ஒழிவது நாலு நல்ல மணியகாரர்கள்தான்.

சரி, அரிவாளை ஓரமாக வைப்போம். கோபத்தை வைக்க மாட்டேன். அந்தக் கோபத்துக்கு அரசாங்கம் போட்டுக்கொடுத்திருக்கும் எண்ணெயைக் கொஞ்சம் பாருங்கள்.

நீங்கள் அரசாங்கத்துக்குப் பாக்கி வைத்தால், 1864ஆம் ஆண்டின் வருவாய் வசூல் சட்டம் ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரன் போனான், சட்டம் போகவில்லை. கோர்ட்டு வாசலை மிதிக்காமலே கலெக்டர் உங்கள் சொத்தை ஜப்தி செய்யலாம். அரசாங்கம் உங்களுக்குப் பாக்கி வைத்தால்? வழக்குப் போடுவதற்கு முன்பு, சிவில் நடைமுறைச் சட்டம் 80ஆம் பிரிவின்படி இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். வாய்தா வாய்தாவாக நடந்து ஜெயித்தாலும், 82ஆம் பிரிவின்படி இன்னும் மூன்று மாதம் பொறுத்துத்தான் தீர்ப்பை நிறைவேற்றக் கேட்க முடியும். அரசாங்கம் மானஸ்தன் அல்லவா? மூச்சு வாங்க நேரம் தர வேண்டாமா?

நீங்கள் ஆபீசரைப் பிடித்துத் தள்ளினால் இரண்டு வருஷம் வரை சிறை. முன்பு 353, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 132. ஆபீசர் ஒருவர் வேண்டுமென்றே சட்டத்தை மீறி உங்களுக்குக் கேடு செய்தால் ஒரு வருஷம் வரை, அதுவும் வெறுங்காவல். முன்பு 166, இப்போது 198. உங்கள்மீது வழக்குப் போட யாருடைய அனுமதியும் வேண்டாம். மேல்மட்ட அதிகாரி பணிநிமித்தம் செய்ததற்காக அவர்மீது வழக்கு நடக்க வேண்டுமென்றால் அரசாங்கமே அனுமதி தர வேண்டும். சந்நிதியில் நின்று சாமிமேல் கேஸ் போடப் பூசாரியிடம் சீட்டுக் கேட்பது மாதிரி.

ஒரு நாள் பிந்திக் கொடுத்த மனு காலக்கெடு தாண்டியது என்று திரும்பி வரும். அரசாங்கத்தின் காலமே வேறு. 2013 நில எடுப்புச் சட்டம், ஒப்புதலும் சமூகத் தாக்க ஆய்வும் வேண்டும் என்று சொன்னதும் தமிழ்நாடு 105அ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, தொழிற்பேட்டைக்கும் நெடுஞ்சாலைக்கும் நிலமெடுக்கும் தன்னுடைய சட்டங்களை அதிலிருந்து தப்பவைத்துக்கொண்டது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அதே மாதமே சட்டமன்றம் கூடி, செத்த சட்டங்களுக்கு 2013 தேதியிட்டு உயிர் கொடுத்தது. 2021இல் உச்ச நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. ஆறு வருஷம் பின்னோக்கி நடக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, நஷ்டஈடு கொடுக்க ஆறு அடி முன்னோக்கி நடக்கத் தெரியவில்லை. செத்த சட்டங்களுக்கு உயிர் கொடுத்தபோது ஆண்டது அ.தி.மு.க. அதை எதிர்த்து முழங்கியவர்கள் ஆட்சிக்கு வந்து, 2023 ஏப்ரலில் நில ஒருங்கிணைப்புச் சட்டத்தை விவாதமே இல்லாமல் நிறைவேற்றினார்கள். எதிர்க்கட்சியாக இருக்கும்போது தோளில் பச்சைத் துண்டு. ஆளுங்கட்சியானதும் அதே துண்டால் நாற்காலியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

நிலத்தை எடுக்காமலே எடுக்கும் வித்தையும் உண்டு. கெயில் எரிவாயுக் குழாய் கொங்கு மண்டலத்தின் ஏழு மாவட்டங்களில் 310 கிலோமீட்டர் போக வேண்டும் என்றார்கள். 1962ஆம் வருஷச் சட்டப்படி பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும். ஆனால் குழாய் போன இடத்தில் மரம் வைக்கக் கூடாது, வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது. அதற்குச் சந்தை மதிப்பில் பத்து சதவீதம். தென்னந்தோப்புக்காரனுக்குத் தென்னை இல்லாத தோப்பைக் கொடுத்துவிட்டு, சொத்து உன்னுடையதுதானே என்கிறார்கள். 2013இல் ஜெயலலிதா தடுத்தார். 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கெயில் பக்கம் சொல்லிவிட்டது.

கூச்சமில்லாமைக்கும் ஓர் உச்சம் உண்டு. இமாசலப் பிரதேசத்தில் எழுத்தறியாத ஒரு கைம்பெண்ணின் நிலத்தை 1967இல் சாலைக்காக எடுத்துக்கொண்டு ஒரு காசும் தராமல் அரை நூற்றாண்டு ஓட்டினார்கள். அந்த அம்மா கோர்ட்டுக்குப் போனபோது அரசாங்கம் சொன்ன பதில்: இத்தனை வருஷம் அனுபவித்துவிட்டோம், ஆகவே எதிர்அனுபோகத்தால் நிலம் எங்களுக்கே சொந்தம். புறம்போக்கில் குடிசை போட்டவன் இதைச் சொன்னால் புல்டோசர் வரும். 2020இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைக் குப்பையில் போட்டது. ஆனால் அப்படி வாதாடலாம் என்று கோப்பில் குறிப்பெழுதிய பேனா யாருடையது? அந்தப் பேனாவுக்கு ஒரு மெமோவாவது போயிருக்குமா?

இந்த லட்சணத்தில்தான் ஆடிப் பதினெட்டு அன்று ஓடாநிலையில் அரசு விழா நடக்கிறது. தீரன் சின்னமலை யார்? மைசூருக்குப் போன வரிப் பணத்தை வழிமறித்துப் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்தவர் என்று கொங்கு நாடே சொல்லிக்கொள்ளும் ஆள். 1805இல் சங்ககிரியில் வெள்ளைக்காரன் தூக்கிலிட்டான். வரி வசூலை மறித்தவருக்கு அமைச்சர்களும் கலெக்டர்களும் வரிசையில் நின்று மாலை போடுகிறார்கள். இருநூறு வருஷத்துக்கு முன்பு எதிர்த்தால் மணிமண்டபம். இப்போது எதிர்த்தால்? 2023 நவம்பரில் செய்யாறு பக்கம் மேல்மாவில், சிப்காட்டுக்கு நிலம் தர மாட்டோம் என்று உட்கார்ந்த விவசாயிகளில் ஏழு பேர்மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. ஊர் உலகம் காறித் துப்பிய பிறகுதான் விட்டார்கள். அரசாங்கத்துக்குப் போராளியைப் பிடிக்கும்; செத்து, வெண்கலமாகி, வாய் திறக்காமல் நின்றால்.

அதிகாரியை நோக்கி நீள முடியாத கை எங்கே திரும்புகிறது என்பதையும் பார்த்துவிட்டோம். 2017 அக்டோபரில், கந்துவட்டிக் கொடுமையைப் பற்றித் திரும்பத் திரும்ப மனுக் கொடுத்த ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, இரண்டு சின்னப் பெண் குழந்தைகளோடு திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலேயே எரிந்து போனார். நால்வரும் பிழைக்கவில்லை. அதைக் கண்டித்துப் படம் வரைந்த கார்ட்டூனிஸ்ட் பாலாவைக் கைது செய்யும் வேகம் மட்டும் அதிகாரத்துக்கு இருந்தது. அதற்குப் பிறகு மக்கள் குறைதீர்க்கும் திங்கள்கிழமைகளில், கலெக்டர் ஆபீஸ் வாசலில் பையைத் திறந்து பார்க்கிறார்கள், மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று. மனு எத்தனையாவது மனு என்று எந்த வாசலிலும் யாரும் கேட்பதில்லை. குறையைத் தீர்ப்பதைவிடக் கேனைப் பிடுங்குவது சுலபம்.

இவ்வளவையும் சொன்ன பிறகு ஒருவன் அரிவாளைத் தூக்கினால் அவனைப் புரிந்துகொள்ள முடிகிறது. அதனால் நியாயம் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. 2004 ஜூனில் அமெரிக்காவின் கொலராடோவில் கிரான்பி என்ற ஊரில், உள்ளூர் நிர்வாகத்தின் நில உத்தரவுகளால் வெறுத்துப்போன ஒரு வெல்டிங் பட்டறைக்காரர், புல்டோசருக்குக் கவசம் பூட்டி நகர மன்றம் உள்பட 13 கட்டடங்களை இடித்தார். கடைசியில் தன்னையே சுட்டுக்கொண்டார். இன்றைக்கும் அவரை வீரர் என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. இடிந்த நகர மன்றம் யாருடையது? ஊர்க்காரனுடையது. எந்த உத்தரவு மாறியது? ஒன்றுமில்லை.

நம்முடைய கோவைக்கு வருவோம். 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில், மின்கட்டண உயர்வை எதிர்த்த விவசாயிகள் மூன்று பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அந்தப் பிணங்களைக் காட்டி, நாலு மின்வாரிய அதிகாரிகளை வெட்டுங்கள் என்று விவசாயிகளின் தலைவர் நாராயணசாமி நாயுடு சொல்லியிருந்தால் கேட்க ஆள் இருந்திருக்கும். அவர் சொன்னது வேறு. 1972இல் கட்டை வண்டிகளைப் பூட்டிக்கொண்டு வந்து கோயம்புத்தூரையே அடைத்தார்கள். கலெக்டர் வீட்டு ஜன்னலில் ஒரு கல் விழுந்தால் வழக்கு எழுதலாம். ஆயிரக்கணக்கான மாடுகள் நடுரோட்டில் அசைபோட்டுக்கொண்டிருந்தால் எந்தப் பிரிவில் எழுதுவது? அதற்கும் குண்டுகள் பாய்ந்தன, உயிர்கள் போயின. ஆனாலும் அந்தப் போராட்டம் போட்ட வழியில்தான் 1984இல் சிறு விவசாயிக்கும் 1990இல் எல்லா விவசாயிக்கும் இலவச மின்சாரம் வந்தது. பயந்தது ஓர் ஆபீசர் இல்லை; ஓட்டை எண்ணத் தெரிந்த அரசாங்கம்.

தாராபுரம்தான் பாரதத்தில் வரும் விராடபுரம் என்று ஊரில் ஐதீகம் உண்டு. விராடன் மாடுகளைக் கௌரவர்கள் ஓட்டிக்கொண்டு போனார்கள். பிருகன்னளையாக ஒளிந்திருந்த அர்ச்சுனன் கிளம்பினான். பீஷ்மர், துரோணர், கர்ணன் எல்லாரும் எதிரே நின்றார்கள். சண்டையின் முடிவில் அவன் சம்மோகனாஸ்திரம் விட்டு, பீஷ்மரைத் தவிர மற்றவர்களை மயக்கிவிட்டு, அவர்களுடைய மேலாடைகளை மட்டும் உருவிக்கொண்டு வரச் சொன்னான். மயங்கிக் கிடந்த தலைகளில் ஒன்றையும் கொய்யவில்லை. மாடு திரும்பி வந்தது. பறித்தவன் மானம் போனது. இன்றைய விராடபுரத்தில் சம்மோகனாஸ்திரத்துக்குச் செலவு செய்யத் தேவையில்லை. கோப்புகளின்மேல் எதிர்த்தரப்பு ஏற்கெனவே மயங்கித்தான் கிடக்கிறது. மேலாடையை உருவ வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

அந்த உருவலுக்குச் சட்டமே ஒரு பெயர் வைத்திருக்கிறது: ஜப்தி. நஷ்டஈட்டைக் கட்டாத அரசாங்கத்தின் பஸ்ஸை, ஜீப்பை, கோட்டாட்சியர் ஆபீஸ் நாற்காலியை, கம்ப்யூட்டரைக் கோர்ட்டு அமீனா வந்து ஜப்தி செய்யும் செய்தி நம் பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. பயணிகளை இறக்கிவிட்டுப் பஸ்ஸை ஓட்டிப் போவார்கள். இருபது வருஷம் நகராத கோப்பு, அமீனா நாற்காலியில் கை வைத்த மத்தியானமே நகரும். "ஒரு வாரம் டைம் குடுங்க, கட்டிடறோம்" என்று கெஞ்சும் குரல் கேட்கும். எழுபது வயது விவசாயி, தான் இத்தனை நாள் நின்றுகொண்டே பேசிய மேசையின் அந்தப் பக்கத்து நாற்காலி வெளியே போவதை வேடிக்கை பார்ப்பார். அரிவாள் தர முடியாத திருப்தி அது. கேஸும் இல்லை, ஜாமீனும் வேண்டாம்.

ஆனால் இந்தக் கூத்திலும் ஓர் ஓட்டை. நாற்காலி போனால் டெண்டர் விட்டு இன்னொன்று வாங்குவார்கள். தாமதத்துக்கு முதல் வருஷம் ஒன்பது சதவீதம், பிறகு பதினைந்து சதவீதம் வட்டி என்று நில எடுப்புச் சட்டம் சொல்கிறது. அந்த வட்டியைக் கட்டுவது கஜானா. கஜானா யாருடையது? நிலத்தைப் பறிகொடுத்தவன் தீப்பெட்டிக்கும் டீசலுக்கும் கட்டிய வரி. தன் நிலத்துக்குத் தாமதித்து வந்த வட்டியில் ஒரு பங்கைத் தானே கட்டிக்கொள்கிறான். கோப்பின்மேல் உறங்கியவருக்கு அந்த மாதமும் முழுச் சம்பளம், அகவிலைப்படி, பொங்கல் போனஸ். 1993லேயே லக்னோ வளர்ச்சிக் குழும வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: ஆணவத்தாலும் அலைக்கழிப்பாலும் வரும் நஷ்டத்தைப் பொதுமக்கள் பணத்தில் கட்டக் கூடாது, பொறுப்பான அதிகாரியிடமே வசூலிக்க வேண்டும். முப்பது வருஷம் தாண்டிவிட்டது. அந்தத் தீர்ப்பையும் யாரோ பரிசீலித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நம் பக்கத்து அழுக்கையும் சொல்லிவிடுகிறேன். முத்திரைத்தாள் செலவை மிச்சம் பிடிக்கக் கிரயத்தில் ஏக்கருக்குப் பாதி விலை எழுதியவர்கள் நாம்தான். நஷ்டஈடு கணக்கிடும்போது அதே பத்திரத்தை அரசாங்கம் நம் முகத்தின் முன்னே நீட்டுகிறது. பக்கத்துத் தோட்டத்தில் கல் விழுந்தபோது, நம் தோட்டம் தப்பியது என்று வாயை மூடிக்கொண்டதும் நாம்தான். பெஞ்சில் வீரம் பேசியவர்களில் எத்தனை பேர் கோட்டாட்சியர் விசாரணை நாளில் ஆட்சேபணை மனுவோடு போய் நின்றார்கள்?

ஆகவே, தீர்மானத்தின்மீது என்னுடைய உத்தரவு: தள்ளுபடி. அதிகாரியை வெட்டுவது நியாயம் இல்லை. அது நியாயத்துக்கு இருக்கும் கடைசி வாசலையும் அடைத்து, பறித்தவனைப் பாதிக்கப்பட்டவனாக்கி, பறிகொடுத்தவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் காரியம். பதிலுக்குச் செய்ய வேண்டியவை இவை. கல் நட வருகிறவரிடம் பெயர், பதவி, உத்தரவு எண், தேதி எழுதி வாங்குங்கள். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஆட்சேபணையைக் காலக்கெடுவுக்குள், ஊராகச் சேர்ந்து கொடுங்கள். வழக்கில் ஜெயித்தால் தயவு பார்க்காமல் ஜப்திக்குப் போங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவனிடம், எந்தக் கட்சியானாலும், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நஷ்டஈட்டைத் தாமதித்தவனின் சம்பளத்தில் வட்டியைப் பிடிக்கச் சட்டம் கொண்டுவருவாயா, மாட்டாயா? மழுப்பினால் அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

அதிகாரியின் உடம்பில் ஒரு கீறலும் விழ வேண்டாம். அவருடைய சம்பளச் சீட்டில் விழட்டும்.